கையும் பொய்யும்

‘புனைவு’, ‘அபுனைவு’ என்று இரண்டு கூடைகளை வைத்துக்கொண்டு இன்று தமிழ்ப் புத்தகங்களைப் பிரிக்கிறார்கள். பதிப்பகங்களின் விலைப்பட்டியல், புத்தகக் கண்காட்சிப் பலகை, பரிசு அறிவிப்பு எல்லாவற்றிலும் இந்தப் பிரிவினை நிலைத்துவிட்டது. நாவலும் சிறுகதையும் ஒரு கூடையில். சரித்திரம், சுயசரிதை, பயணம், கட்டுரை எல்லாம் மற்றதில். ‘ஃபிக்‌ஷன்’, ‘நான்-ஃபிக்‌ஷன்’ என்பவற்றுக்குச் செய்துகொண்ட மொழிபெயர்ப்பு இது என்பதும், தமிழ் வினை ஒன்றின் தலையில் வடமொழியின் எதிர்மறை ‘அ’ ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதும் வெளிப்படை. இரண்டாவது விஷயம் சிலரை உறுத்துகிறது. என்னை உறுத்தவில்லை. மொழியில் கலப்பு நேர்வது குற்றமல்ல. என் ஆட்சேபம் வேறு: இந்தச் சொல் உண்மையற்றது. புனையப்படாத எழுத்து என்று ஒன்று இருப்பதாக அது நம்மை நம்பவைக்கிறது.

‘கட்டுரை’யையே எடுத்துக்கொள்வோம். கட்டப்பட்ட உரை அது. ‘கட்டுக்கதை’யிலும் இருப்பது அதே கட்டுதான். ஒரே வினை ஒருபுறம் அபுனைவுக் கூடையில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. மறுபுறம் பொய் என்ற வசவாகிவிட்டது. கட்டும் காரியத்தில் மாற்றம் ஏதுமில்லை. அதைப் பற்றிய நம் மதிப்பீட்டில்தான் ஏதோ நேர்ந்திருக்கிறது. என்ன நேர்ந்தது என்று அறியப் ‘புனை’ என்ற சொல்லின் பழைய வாழ்வுக்குள் கொஞ்சம் போகவேண்டும். சொல்லாராய்ச்சி என் நோக்கமல்ல. ஒரு சொல்லின் பொருளை இழக்கும்போது அதனோடு ஒரு விமர்சன அளவுகோலையும் இழந்துவிடுகிறோமா என்பதே கேள்வி.

*

பூவைத் தொடுப்பது புனைவது. தொடுத்ததைச் சூடுவதும் புனைவது. கழல் கட்டுவது, அணி பூணுவது, சுவரில் சித்திரம் எழுதுவது, பாட்டை அமைப்பது எல்லாம் இந்த ஒரு வினைக்குள் அடங்கும். புனையிழை, புனைகழல், புனைதார் என்று சங்கப் பாடல்களில் வரும் தொகைகளில் இந்தச் சொல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், ஸ்தூலமான ஒரு பொருளோடு ஒட்டியே நிற்கிறது. ‘கைபுனை’ என்று கையைச் சேர்த்தே சொல்வதும் உண்டு.

அகராதி இந்தப் பொருள்களை அடுக்கும்போது ‘செய்தல்’ ஓரிடத்திலும் ‘அலங்கரித்தல்’ வேறோரிடத்திலும் போய் விழுகின்றன. வழக்கில் அவை அப்படிப் பிரிந்திருக்கவில்லை. பூத்தொடுப்பவளின் விரல்களில் செய்வது எங்கே முடிகிறது, அலங்காரம் எங்கே தொடங்குகிறது? முதலில் ஒரு பண்டம், பிறகு அதன்மேல் ஒரு பூச்சு என்ற எண்ணமே இந்த வினையில் இல்லை. உறுப்போடு உறுப்பைக் கை சேர்க்கச் சேர்க்க உரு எழுகிறது. எழுந்த உருவே அழகு. உருவம், உள்ளடக்கம் என்று நாம் பல ஆண்டுகள் நடத்திய சண்டைக்கு இந்தச் சொல்லுக்குள் இடமே கிடையாது.

பிறகு சொல் நழுவுகிறது. எப்படி நழுவுகிறது என்பதை நன்னூலிலேயே பார்க்கலாம். பாயிரத்துக்குப் பவணந்தி கொடுக்கும் பெயர்களில் ‘புனைந்துரை’ ஒன்று, ‘அணிந்துரை’ இன்னொன்று. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் பாயிரத்தைப் பிறர் செய்யவேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. நூலுக்கு இன்னொருவர் கட்டிச் சூட்டும் மாலை அது. மாலை என்றால் கொஞ்சம் மிகையும் இருக்கும். மிகை என்றால் உள்ளதற்கு மேல் என்று பொருள். உள்ளதற்கு மேல் என்பது உள்ளதல்ல என்றாவதற்கு அதிக தூரமில்லை. (நம் அணிந்துரைகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சரிவை விளக்கத் தேவையில்லை.) கடைசியில் ‘புனைசுருட்டு’ வருகிறது. பொய் வழக்கையும் புனைகிறார்கள். மாலை கட்டிய அதே வினை!

இந்தச் சரிவு தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ‘ஃபிக்‌ஷன்’ என்ற சொல்லின் மூலம் லத்தீனின் ‘ஃபிங்கெரே’. களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பது என்று பொருள். லத்தீனில் குயவனுக்குப் பெயர் ‘ஃபிகுலுஸ்’, அதே வேர். ஆங்கிலத்தில் பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’வும் அந்தக் குடும்பம்தான். நம்மிடம் வடமொழி வழியாக வந்து சேர்ந்த ‘தேகம்’ என்ற சொல்லையும் ஒப்பீட்டு மொழியியல் அதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில்தான் கொண்டு சேர்க்கிறது. மண்ணைப் பூசிப் பிசைந்து உருவாக்கியது என்ற எண்ணத்திலிருந்து ஒரு கரையில் உடம்பும் மறு கரையில் கதையும் பிறந்திருக்கின்றன. ஆனால் அங்கும் அந்த வினை ‘ஃபெய்ன்’ என்று பாசாங்கில் போய் முடிகிறது. கைவினைஞனைக் குறித்த ‘ஃபாபெர்’ என்ற சொல்லிலிருந்து கிளைத்த ‘ஃபாப்ரிகேட்’டும் செய்வதையும் பொய் சொல்வதையும் ஒருசேரக் குறிக்கிறது. ‘மானுஃபாக்சர்’ கையால் செய்வதைக் குறித்த சொல். இன்று கை படாததற்கு அதுதான் பெயர்.

ஏன் இப்படி? செய்யப்பட்டதை ஏன் மனிதன் சந்தேகிக்கிறான்? பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலின் 10ஆம் பகுதியில் கட்டிலை உதாரணமாக வைத்துப் பேசுவது நினைவுக்கு வரும். கட்டிலின் மெய்யான வடிவம் கடவுளுடையது, அதற்கு அடுத்த படியில் தச்சன், கட்டிலின் தோற்றத்தை வரைகிற ஓவியன் மூன்றாம் படி, கவிஞனும் அவனோடுதான். கவிஞர்களை அவமதித்த இடம் என்றே இதை நாம் படித்துப் பழகிவிட்டோம். தச்சன் கவிஞனுக்கு ஒரு படி மேலே நிற்கிறான் என்பதை அவ்வளவாகக் கவனித்ததில்லை. ஆனால் தச்சனும் அங்கே முதலாமவனல்ல. கையால் தொடமுடியாததுதான் முதலாவது. கை தொட்ட கணமே ஒரு படி இறக்கம்.

நம் சமூகத்தில் இந்த இறக்கத்துக்குத் தத்துவம் தேவைப்படவில்லை; சாதி போதுமானதாக இருந்தது. உழைக்கும் கை தாழ்ந்தது, உழைக்காத வாய் உயர்ந்தது என்ற ஏற்பாட்டில் கை சம்பந்தப்பட்ட சொற்களும் சேர்ந்து தாழ்ந்தன. ‘கைநாட்டு’ என்ற வசவைப் பாருங்கள். ஏர் பிடிக்க, கூடை முடைய, சுவர் எழுப்பத் தெரிந்த ஒருவனுக்குத் தெரியாத ஒரே காரியத்தை வைத்து அவன் முழுக் கையையும் அவமதிக்கிற சொல் அது. இப்படி ஒரு சொல்லைச் செய்துகொண்ட சமூகத்தில் ‘புனைதல்’ பொய்யானது தற்செயலல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

*

ஆனால் பழைய பிரதிகளின் சாட்சியம் முழுக்க இந்தப் பக்கம் இல்லை. புறநானூற்றின் 206ஆம் பாட்டில் அதியமான் வாயிலில் காக்கவைக்கப்பட்ட ஔவை, பரிசிலரின் நிலையைச் சொல்ல ஓர் உவமை தேடுகிறாள். அவளுக்குக் கிடைப்பது தச்சனின் பிள்ளைகள்: கைவல் சிறுவர்கள் மழுவோடு காட்டுக்குள் போனால் எந்தத் திசையிலும் மரம் இருக்கும், எங்களுக்கும் அப்படித்தான் என்கிறாள். இதில் பணிவு இல்லை, அகங்காரம் இருக்கிறது. தன் வித்தையின் கர்வத்தைச் சொல்ல ஒரு கவிக்குத் தச்சனின் கைதான் தகுதியான அளவாகப் பட்டிருக்கிறது.

நன்னூல் நூல் செய்வதைப் பஞ்சு நூற்பதாகவே விவரிக்கிறது. சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கிற பெண், மதி அவளுடைய கதிர். இந்தச் சமன்பாட்டில் புலவனின் வாய் எது என்றால், அந்தப் பெண்ணின் கை. வாயும் கையும் ஒன்றாகிவிடுகிற இந்த இடம் இலக்கணச் சூத்திரமாக நமக்கு மனப்பாடமாகி, அதனாலேயே காணாமல் போய்விட்டது. பிரெஞ்சு விமர்சனத்தைப் படித்துவிட்டுப் ‘பனுவல்’ என்று பேசும்போதும், அந்தச் சொல் பருத்தியில் பிறந்தது என்பதை நாம் நினைப்பதில்லை. நற்றிணை 353இல் அந்தப் பனுவலைச் செய்பவர்கள் ஆண்துணையற்ற பெண்கள். தம் உழைப்பால் அவர்கள் நூற்ற நுண்மைதான் அங்கே மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை.

நக்கீரர் பெயரில் வழங்கும் மூன்று பிரதிகள் இந்த விஷயத்தில் இன்னும் முக்கியமானவை. மூன்று நக்கீரரும் ஒருவரா என்பது வேறு விவகாரம்.

முதலாவது, இறையனார் களவியலுரை. அகவொழுக்கம் உலகில் இல்லாதது. ஆனால் இனியது, நல்லது. அவ்வாறு புலவர்களால் நாட்டப்பட்டது என்பது அதன் நிலை. ‘இல்லாதது’ என்று ஒப்புக்கொண்ட பிறகும் ‘பொய்’ என்ற சொல்லுக்கு அந்த உரை போகவில்லை. ‘நாட்டப்பட்டது’ என்கிறது. கால் நடுவதுபோல, கல் நடுவதுபோல. நட்டது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அது முன்பே அங்கே இருந்ததா என்பதல்ல.

இரண்டாவது, திருமுருகாற்றுப்படை. அதில் வரும் சூரரமகளிரின் அழகு கையால் புனைந்து செய்யப்படாதது. அவர்கள் உடுத்த துகிலும் சாயத்தில் தோயாமலே சிவந்தது. தெய்வத்தின் அழகைச் சொல்லக் கவிஞனிடம் இருப்பது கைவினையின் சொல்தான். அதை எதிர்மறையாக்கித்தான் அவனால் அப்பால் போகமுடிகிறது. போய் ஓர் அடி தாண்டுவதற்குள், அதே மகளிர் பூண்ட அணியைச் சொல்லும்போது, பொன்னைப் புனைந்தது என்று அந்த வினை திரும்பி வந்துவிடுகிறது.

மூன்றாவது, நெடுநல்வாடை. பாட்டின் நடுப்பகுதி முழுக்கக் கைகள். அரண்மனைக்கு மனை வகுக்கக் கயிறு பிடித்து அளப்பவர்களுக்கு அங்கே ‘புலவர்’ என்றே பெயர். கதவைப் பொருத்தியவன் கைவல் கம்மியன். கட்டிலுக்கு நாற்பது வயது யானையின் தந்தம். அதில் கூரிய உளியால் இலை வேலை. இத்தனை புனைவையும் அடுக்கிவிட்டு, அந்தக் கட்டிலில் புனையாத ஓவியம் போல அரசியை இருத்துகிறது கவிதை. வண்ணம் ஏற்றாமல் கோட்டளவில் விட்ட சித்திரம் என்பது உரை. கணவன் பாசறையில் இருக்கிறான். முத்தும் பொன்னும் உடம்பை விட்டுப் போய்விட்டன. பொன் வளை அழுத்திய தழும்புள்ள முன்கையில் இப்போது இருப்பது ஒரு சங்கு வளையும் காப்பு நூலும்.

திருமுருகாற்றுப்படையின் எதிர்மறையும் இதுவும் ஒன்றல்ல. அங்கே கைக்கு எட்டாதது. இங்கே கை எட்டி, வரைந்து, பிறகு நின்றுவிடுகிறது. நிறுத்தியது துக்கம். எல்லாவற்றையும் செய்யத் தெரிந்த கை செய்யாமல் நின்ற இடத்தில்தான் இந்தக் கவிதையின் முழுச் சுமையும் இறங்கியிருக்கிறது.

*

இனி நம் காலத்துக்கு வரலாம். இலக்கியத்தைப் பொறுத்தவரை நாம் கைக்கொண்ட பெருஞ்சொல் ‘படைப்பு’. அதன் பின்னே நிற்பது சிருஷ்டி, பிரம்மனுடைய காரியம். எழுதுகிறவன் ‘படைப்பாளி’ ஆனான். புனைபவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அவன் கூசினான்; அந்தப் பழைய வினையைக் கதைகளின் பொய்த்தன்மைக்கு விட்டுக்கொடுத்தான். கடவுளின் பட்டத்தை எடுத்துக்கொண்டு குயவனின் பட்டத்தை எறிந்துவிட்டோம். குயவனுக்கு மண் வேண்டும், சக்கரம் வேண்டும், சூளை வேண்டும். பானை கோணினால் அவன்மேல்தான் பழி. சிருஷ்டிகர்த்தாவிடம் கணக்குக் கேட்பார் யார்? அனுபவத்தின் தீவிரம், உள்ளொளி, தரிசனம் என்று சொல்லித் திருத்தப்படாத பிரதிகளை அச்சுக்கு அனுப்பிய பழக்கத்துக்கு இந்தப் பட்டம் நிறையத் துணைபோயிருக்கிறது. அதில் நம் சிறுபத்திரிகைகளுக்கும் பங்குண்டு.

இதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. ‘படைப்பு’க்கு எதிரே இன்று ‘பதிவு’ என்ற சொல்லை வைத்திருக்கிறோம். யாருடைய எழுத்தைப் படைப்பு என்கிறோம், யாருடையதைப் பதிவு என்கிறோம்? பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. ஒரு வாழ்க்கையின் ஆவணம், அடக்கப்பட்டவர்களின் பதிவு என்று அதைப் பாராட்டியவர்கள் அநேகம். பாராட்டுத்தான், ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு மறுப்பு ஒளிந்திருக்கிறது. அந்தப் புத்தகம் பிறப்பு, பள்ளி, வேலை என்று வாழ்க்கையை வரிசைப்படி சொல்லிக்கொண்டு போவதில்லை. வேலை, விளையாட்டு, கோயில், சாதிச் சண்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து, சொன்ன காலத்துக்கே மறுபடியும் வேறொரு திசையிலிருந்து வந்து சேர்கிறது. பேச்சு மொழியை உரையாடலுக்கு மட்டும் ஒதுக்காமல் சொல்லும் குரலுக்கே கொடுத்திருக்கிறது. பனைமட்டையின் இரு விளிம்பிலும் ரம்பம்போல இருக்கும் பற்களைத் தலைப்பாக வைத்துக்கொண்டது. இவை தானாக நேர்ந்தவையா? ஒரு கை தேர்ந்து, அடுக்கி, கட்டிய காரியங்கள் இவை. அபுனைவுக் கூடையில் இதைப் போட்டுவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது அந்தக் கையை நாம் காண மறுக்கிறோம். தலைமுறைகளாக எந்த உழைப்பைக் கண்டும் காணாமல் இருந்தோமோ, அதே உழைப்பு எழுத்தாக வந்தபோதும் காணாமல் இருக்க ‘அபுனைவு’ நமக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. நடந்ததைச் சொல்கிறது, சந்தேகமில்லை. ஆனால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதில் எழுந்து நிற்பதுபோல நம் நாவல்கள் பலவற்றில் ஒரு பாத்திரமும் நிற்பதில்லை. எந்தச் சந்திப்பை எங்கே நிறுத்துவது, எந்த ஏமாற்றத்தை எவ்வளவு நேரம் சொல்வது என்பதெல்லாம் தகவலில் கிடைப்பவை அல்ல. மாலை கட்டுகிறவனின் கணக்கு அது. நடந்தது என்பதால் அது புனைவு இல்லை என்றாகாது. நடக்காதது என்பதால் ஒரு நாவல் புனைவாகியும் விடாது. பெரும்பாலானவை வெறும் இட்டுக்கட்டல்களாக நின்றுவிடுகின்றன.

ஆக, ‘நடந்ததா?’ என்பது சரித்திரக்காரனின் கேள்வி. அவன் அதைக் கண்டிப்பாகக் கேட்கவேண்டும். பொய்ச் சரித்திரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. விமர்சகனின் கேள்வி ‘எப்படிப் புனையப்பட்டிருக்கிறது?’ என்பது. இரண்டையும் எல்லாப் பிரதிகளிடமும் கேட்கலாம். ஒரு கேள்வியை ஒரு கூடைக்கும் மற்றதை மறு கூடைக்கும் ஒதுக்கிக்கொண்டதுதான் பிசகு.

*

இதற்கு உடனே வரக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: கைத்திறனை விக்கிரகமாக்குகிறாய், உத்திக்கே உயிர் என்கிறாய். இந்தப் பதிலில் நியாயம் உண்டு. யாப்பு என்பதும் கட்டுதான். அந்தக் கட்டில் தேர்ந்தவர்கள் எத்தனை உயிரற்ற செய்யுள்களைக் கட்டித் தள்ளினார்கள் என்பது தெரிந்ததே. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கி, 1962இல் ‘புதுக் குரல்கள்’ தொகுதியும் வந்தபோது, புதுக்கவிதைக்காரனுக்கு யாப்புத் தெரியாது என்பதே எதிர்த்தரப்பின் பெரிய குற்றச்சாட்டு. அதற்கு நாம் அனுபவம், உணர்ச்சியின் உண்மை, உள்ளத்து லயம் என்றெல்லாம் பதில் சொன்னோம். நெடுநல்வாடையை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கவேண்டிய பதில் வேறு என்று இப்போது படுகிறது. புதுக்கவிதை புனையாத ஓவியம். வண்ணத்தை ஒதுக்கியது, கோட்டை ஒதுக்கவில்லை. வண்ணம் இல்லாததால் கோடு ஒரு மயிரிழை பிசகினாலும் மறைக்க வழியில்லை. புனையாமல் விடுவதும் கையின் முடிவுதான். புனையத் தெரியாமல் விடுவது அல்ல. இந்த வித்தியாசத்தை நாம் அழுத்திச் சொல்லாததால், உரைநடையை முறித்து வரிகளாக அடுக்குகிற எவரும் அந்த அரசியின் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்ள முடிந்தது.

நக்கீரரைப் பற்றிய கதை ஒன்றைத் திருவிளையாடல் திரைப்படம் 1965இல் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்ற இடம் நம் விமர்சகர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அதே கதையோடு வழங்கும் தனிப்பாடலில் சிவன் செய்யும் பரிகாசம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரிவாள் கொண்டு சங்கை அறுக்கிறவன் என் பாட்டை ஆராய்வதா என்பது அந்தப் பரிகாசம். அறுக்கும் ஓசையை வைத்துக் கீரனின் பெயரையே கேலி செய்கிறான் இறைவன். உழைக்கும் கைக்கு விமர்சிக்கும் உரிமை இல்லை என்பதற்கு இதைவிட உயர்ந்த இடத்திலிருந்து தீர்ப்பு வரமுடியாது. கீரன் அதை மறுக்கவில்லை. ஆம், சங்கு அறுப்பது எங்கள் குலத்தொழில்தான். இரந்து உண்டு வாழவில்லை என்று பதில் சொல்கிறான்.

கதை கதைதான், உலகில் இல்லாதது, புலவர்களால் நாட்டப்பட்டது. ஆனால் தமிழின் முதல் விமர்சகனுக்கு ஒரு கைத்தொழிலை நாட்டவேண்டும் என்று எவருக்கோ தோன்றியிருக்கிறது. எல்லாப் பொன்னும் கழன்ற பிறகு அரசியின் கையில் மிஞ்சியதும் அந்தத் தொழில் செய்த வளைதான்.